பதினோராம் அறை எதற்கு?

பெட்டியக்காவைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசட்டும், வாய்க்குப் பூட்டா போட முடியும்? ஆனால் அவர் அறை வாசலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது.

பதினோராம் அறையைத் தேடி வருகிறவர்கள் முதலில் எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்து திட்டு வாங்குவார்கள். அடுத்து அழுக்குத் துணியை மூட்டை கட்டும் அறைக்குப் போய் அங்கேயும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்புறம்தான் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருப்பது கண்ணில் படும். கதவுக்கு வெளியே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பின்னால் நான். அறிக்கைகளை டைப் செய்வது, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, உள்ளே சோதனை நடக்கும்போது நடையில் சத்தம் போடுகிறவர்களை அதட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. கடைசி வேலைக்காகத்தான் உன்னை எடுத்திருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே பெட்டியக்கா. பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி வைத்திருந்ததால் அந்தப் பெயர். அதற்குள் கலர் கட்டைகள், படம் போட்ட அட்டைகள், ஒரு ஸ்டாப்வாட்ச். மண்டையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூளையில் கட்டி எடுத்தவர்கள், மறதி என்று பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள், எல்லாரையும் எதிரில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் சோதிப்பார். ஸ்கேன் மூளையைப் படம் பிடிக்கும். அந்த மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் நாளைக்கு வண்டி ஓட்டலாமா, அடுப்பு பற்றவைக்கலாமா, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா என்று அந்தப் படம் சொல்லாது. அதைச் சொல்வது அக்காவின் வேலை.

சோதனைகளில் ஒன்று வார்த்தைப் பட்டியல். குடை, மணல், ஜன்னல், கத்தரிக்கோல், மேகம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பதினைந்து வார்த்தைகளை, ஒரு விநாடிக்கு ஒன்றாக வாசிப்பார். கேட்டவர் நினைவிருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து தடவை. அப்புறம் அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, திடீரென்று அந்த வார்த்தைகளை மறுபடி கேட்பார். நல்ல ஆரோக்கியமான ஆள்கூட முதல் தடவை ஆறு, ஏழு சொன்னால் அதிகம். கதவு மெல்லிய பலகை. இருபத்திரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு அந்தப் பதினைந்தும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒருநாள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். "நாளைக்கு எனக்கு மறதி வந்தா என்னக்கா பண்ணுவீங்க? அப்பவும் நான் பதினஞ்சும் சொல்லுவேனே."

"உனக்கு என் பெட்டி செல்லாதுடி. வேற ஊருக்கு அனுப்பி, நீ கேக்காத வார்த்தைய வச்சுத்தான் சோதிக்கணும்" என்றார்.

அந்த விஷயத்தில் அக்கா ரொம்பக் கறார். ஒரு தடவை சோதித்தவரை ஒரு வருஷத்துக்குள் அதே பட்டியலை வைத்து மறுபடி சோதிக்கவே மாட்டார். ஒரு பெரிய டாக்டர் வந்து கெஞ்சியும் மசியவில்லை. மனப்பாடத்துக்கு மார்க் போட நான் பள்ளிக்கூடமா நடத்துகிறேன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

அக்காவின் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். இருபத்தேழு வருஷ சர்வீசில் ஒருவர் மேல் உரசியதுகூட இல்லை. அக்கா படித்த காலத்தில் சோதனைகளைப் பழகிப் பார்க்க ஆள் கிடைக்காமல் அவரைத்தான் பிடித்து உட்காரவைப்பாராம். டூட்டி முடிந்து வந்து பசியோடு கட்டை அடுக்குவாராம் அந்த மனிதர். வேலைக்குச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. சோதனைக் குறிப்புகள் மாறும்போதெல்லாம் முதல் ஒத்திகை வீட்டில்தான். சாயந்திரம் அக்காவைக் கூட்டிப்போக வந்தால் என்னைப் பார்த்து அவர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன தங்கச்சி, குடை, மணல், ஜன்னல் எல்லாம் சௌக்கியமா?" என்பதுதான்.

"எல்லாம் சௌக்கியம்ண்ணா. கத்தரிக்கோலுக்கு மட்டும் லேசா ஜுரம்" என்பேன். தினம் அதே ஜோக்குக்குத் தினம் சிரிப்போம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது நிர்வாக அதிகாரி வந்தார். அதட்டிப் பேசுகிற ஆளாக இருந்திருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். இவர் மெல்லப் பேசுகிறவர். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வருகிறவர். அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"மேடம், இங்க ஒரு நாளைக்கு ரெண்டு பேரப் பாக்குறீங்க. பக்கத்து ரூம்ல எண்பது எக்ஸ்ரே எடுக்குறாங்க. மருந்து வைக்க இடமில்லாம படிக்கட்டுக்குக் கீழ அடுக்கி வச்சிருக்கோம். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"அந்த ரெண்டு பேருக்கு நான் சொல்றத ஆஸ்பத்திரியில வேற யாரும் சொல்ல முடியாதுங்க."

"அப்ப அத நம்பர்ல காட்டுங்க. இந்த ரூமால நோயாளிக்கு என்ன லாபம், ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம்? ஆறு மாசம் டைம் இருக்கு. மூணு டாக்டருங்க உள்ள கமிட்டி பாக்கும். அவங்களுக்குத் திருப்தி இல்லேன்னா ரூம மூடிட்டு, உங்கள ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டர்ல போட்டுடலாம். சம்பளத்துல கை வைக்க மாட்டோம்."

என்னவோ பெரிய மனசு பண்ணியதுபோல! அக்காவுக்குச் சம்பளமா கவலை? எங்களை விட்டால் இந்தச் சோதனைக்கு எட்டு மணி நேரம் ரயிலில் போக வேண்டும். கட்டி எடுத்த தலையோடு யார் போவார்கள்? போகாமலே விட்டுவிடுவார்கள். அதிகாரி போனதும் அக்கா எழுந்து வந்து, "பழைய ஃபைல் எல்லாத்தையும் எடுடி" என்றார்.

எடுத்தோம். நாலு வருஷத்து அறிக்கைகள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, இப்போது எப்படி இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்களா, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களா என்று விசாரித்து எழுதினோம். பாதி நம்பர் செத்துக் கிடந்தது. சில இடத்தில் ஆளே செத்துப்போயிருந்தார், துக்கம் விசாரித்துவிட்டு வைத்தோம். ஒருவர் நாங்கள் இன்ஷூரன்ஸ் விற்கிறோம் என்று நினைத்து என்னைக் கண்டபடி ஏசினார். நானும் விடவில்லை.

ஆனால் கிடைத்தவை சாதாரணமானவை அல்ல. சாரத்திலிருந்து விழுந்த வெல்டர் ஒருவர். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போகலாம் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். கவனம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கவில்லை, உயரத்தில் ஏற்றாதீர்கள் என்று அக்கா எழுதினார். பட்டறையில் தரையில் வேலை கொடுத்தார்கள். இன்றைக்கும் சம்பாதிக்கிறார். மறதி நோய் என்று இரண்டு வருஷம் விலையுயர்ந்த மாத்திரை தின்ற ரிட்டயர்ட் ஆசிரியை ஒருவர். அது மறதி நோயே இல்லை, மகன் செத்த துக்கம் மனசை அமுக்கிவிட்டது என்று அக்கா கண்டுபிடித்தார். மாத்திரையை நிறுத்தி, வேறு சிகிச்சை கொடுத்தார்கள். போனில் அந்த அம்மாவே பேசினார். பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாலாவது மாசம் நாற்பத்தாறு கேஸ்களை அழகாகப் பட்டியல் போட்டு அதிகாரியிடம் கொண்டுபோனோம். பொறுமையாக எல்லாம் படித்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா கமிட்டி ஒண்ணு கேக்கும். வெல்டர மேல ஏத்தியிருந்தா விழுந்திருப்பாருன்னு எப்படிச் சொல்றீங்க? விழாமலும் இருந்திருக்கலாம் இல்லையா? நடக்காத ஒண்ணுக்கு எப்படிக் கணக்குப் போடுறது?"

"சோதிச்சதால நடக்கலங்க."

"அத நீங்க சொல்றீங்க. எனக்கு இன்னொரு பக்கமும் வேணும். சோதிக்க வேண்டிய ஆளச் சோதிக்காம விட்டு, அதனால உயிருக்கோ உடம்புக்கோ பணத்துக்கோ சேதமாச்சுன்னு ஒரு கேஸ். ஒண்ணு போதும். பில்லோட, தேதியோட."

திரும்பி வரும்போது நான் பொரிந்து தள்ளினேன். கேட்கிறான் பார், எவனாவது நாசமாய்ப் போனால்தான் இவனுக்கு நம்பிக்கை வருமாம்! மறுநாளிலிருந்து அப்படி ஒரு கேஸைத் தேட ஆரம்பித்தோம். வராதவர்கள், பாதியில் எழுந்துபோனவர்கள் என்று பட்டியல் எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். சனி, ஞாயிறு என்றில்லை. அக்கா வீட்டில் என்ன சமைத்தார், யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவர் காதில் ஏறியிருக்காது.

ஐந்தாவது மாசம் ஒரு மத்தியானம் கண்டக்டர் ஒருவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். அக்கா வீட்டுக்காரரோடு ஒரே பஸ்ஸில் போகிறவர். தோளில் பை தொங்கியது, முகம் சரியில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் இந்த மாசம் ரெண்டு தடவ ரூட்ட விட்டுட்டு வேற ரோட்டுல திருப்பிட்டாரு. முந்தாநாள் ஸ்டாப்பிங்ல நிக்காமலே போயிட்டாரு. கேட்டா சிரிக்கிறாரு. நான் டிப்போல சொல்லல. சொன்னா வண்டிய விட்டு எறக்கிடுவாங்க. நீங்க இந்த வேலதானே பாக்குறீங்க, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

அக்காவின் முகம் ஒரு நொடி வெளுத்தது. "தூக்கமில்ல அவருக்கு. ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாப்ல பாக்குறாரு. இருந்தாலும் பாக்குறேன் தம்பி" என்றார்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதும் உக்கார வச்சுட்டேன். ஒழுங்கா முழுசாப் பாத்தேன். கட்ட எல்லாம் நேரத்துக்கு முன்னாடியே அடுக்கிட்டாரு. வார்த்தைய ஒரு தடவதான் வாசிச்சேன். பதினஞ்சும் சொல்லிட்டாரு, வரிசையா!"

"பாத்தீங்களா? அந்தக் கண்டக்டருக்குத்தான் வேற வேல இல்ல. அண்ணனுக்கு என்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்காரு" என்றேன் நான்.

இந்த வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் வாசிப்பில் ஆறு, ஐந்து, ஏழு என்று இருபத்திரண்டு வருஷம் டைப் செய்த விரல்கள் இவை. முதல் தடவையிலேயே பதினைந்தும் சொன்ன ஒருவரைக்கூட நான் டைப் செய்ததில்லை. அக்காவும் பார்த்ததில்லை. வேறு எவராவது அப்படிச் சொல்லியிருந்தால், இதை எங்கே மனப்பாடம் பண்ணினாய் என்று அடுத்த நொடியே அக்கா பிடித்திருப்பார். எனக்கு வேறு ஊர்ப் பெட்டி வேண்டும் என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவருக்கே புருஷன் விஷயத்தில் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்பட்டோம், டீகூடக் குடித்தோம்.

அக்கா அன்றைக்கே கண்டக்டருக்குப் போன் செய்து, சோதித்துப் பார்த்துவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் ஓய்வுதான் வேண்டும் என்றார். அக்கா சொன்னால் வேதவாக்கு. கண்டக்டர் டிப்போவில் வாய் திறக்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, முதல் ட்ரிப். பஸ் நிற்க வேண்டிய ஸ்டாப்பில் நிற்காமல் நடைமேடை மேல் ஏறிவிட்டது. காத்துக்கொண்டு நின்ற தையல்காரப் பெண் ஒருவருக்கு வலது கால் நசுங்கியது. இன்னும் இரண்டு பேருக்குச் சிராய்ப்பு. டிரைவருக்கு நெற்றியில் வெட்டு. எல்லாரையும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

சேதி வந்ததும் வார்டுக்கு ஓடினோம். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தலையில் கட்டு. பக்கத்தில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி. தலையில் அடிபட்டவர்களை வார்டிலேயே மேலோட்டமாகச் சோதிக்க, தன் பட்டியலிலிருந்து முதல் ஐந்து வார்த்தைகளை எடுத்து அந்த டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

"நான் கொஞ்சம் வார்த்த சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. குடை, மணல்..."

"ஜன்னல், கத்தரிக்கோல், மேகம்" என்று அண்ணன் தொடர்ந்தார். ஐந்தோடு நிற்கவில்லை. தபால், ஏணி, உப்பு, சக்கரம் என்று பதினைந்தையும் மூச்சு விடாமல் வரிசை பிசகாமல் சொல்லி முடித்துவிட்டு, பரீட்சையில் பாஸானதுபோல அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டரம்மா அசந்துபோய்விட்டாள். "ஞாபக சக்தி சூப்பரா இருக்கே சார்! சரி, இங்க எப்படி வந்தீங்க? காலைல என்ன நடந்தது?"

"இங்கயா? இவளக் கூட்டிட்டுப் போக வந்தேன். டூட்டி முடிஞ்சிருச்சில்ல" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி, எல்லாம் சௌக்கியமா?" என்றும் கேட்டார். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. அவர் மூளையில் எது அழிந்தாலும் அந்தப் பதினைந்து வார்த்தைகள் அழியாது. கல்யாணமான நாளிலிருந்து அக்காவே அவர் தலைக்குள் ஆணி அடித்து வைத்தவை அவை. கட்டைகளும் அப்படித்தான். அடிபட்டதால் வந்த குழப்பமாக இருக்கும் என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னாள்.

பத்து நாள் கழித்து அக்காவே அவரை ரயிலில் எட்டு மணி நேரம் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊர்ச் சோதனைக்காரரிடம் உட்காரவைத்தார். அங்கே வேறு வார்த்தைகள், வேறு படங்கள். ஐந்தாவது வாசிப்பிலும் அண்ணன் சொன்னது மூன்று. அரை மணி கழித்துக் கேட்டபோது ஒன்றுமில்லை. அப்படிப் பட்டியல் எதுவும் வாசிக்கவேயில்லையே என்றாராம். வழியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் பாதியில் நின்றுவிட்டார். ஸ்கேனும் ஒத்துப்போனது. நோய் தொடங்கி ஒன்றரை வருஷமாவது இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அவர் கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டியதும், குழாயைத் திறந்துவிட்டுப் போனதும், ஒரே ஜோக்கைத் தினம் என்னிடம் சொன்னதும் அப்போதுதான் எங்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தன. நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்!

தையல்காரப் பெண்ணின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிஷின் மிதிக்கிற கால். அக்கா தினமும் அந்த வார்டு வாசல் வரை போவார், உள்ளே போக மாட்டார். ஒருநாள் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எங்களைப் பார்த்து, நீங்கள் எந்த வார்டு நர்ஸ் என்று கேட்டார். அக்கா வெளியே வந்துவிட்டார்.

ஆறு மாசக் கெடு முடிய ஒரு வாரம். கமிட்டிக்குக் கொடுக்க எங்களிடம் பழைய நாற்பத்தாறு கேஸ்தான் இருந்தது. நிர்வாக அதிகாரியே வந்தார். கெடுவை இரண்டு மாசம் தள்ளிவைக்கிறேன், வீட்டைப் பாருங்கள் என்றார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேணாங்க. நீங்க கேட்ட கேஸ் கெடச்சிடுச்சு" என்றார் அக்கா.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மேடம், அதச் சேக்கணும்னு கட்டாயமில்ல."

"பில் இருக்கு, தேதி இருக்கு. ஒண்ணு போதும்னு சொன்னீங்களே."

மறுநாள் வெளியூரிலிருந்து அக்காவின் மகள் வந்து நேராக என் மேஜைக்கே வந்துவிட்டாள். நடையில் நின்று கத்தினாள். அதட்ட வேண்டிய நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா பேர நீயே எழுதிக் குடுப்பியாம்மா? கண்டக்டர் உங்கிட்ட வந்து சொன்னதெல்லாம் வெளிய வந்தா உன்னையும் சேத்துத்தான் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. யாருக்காக இதெல்லாம்? ஒரு ரூமுக்காகவா?"

"அடுத்து ஒரு டிரைவரோட பொண்டாட்டி வருவாடி. அவளுக்குப் போக ஒரு எடம் வேணும்" என்றார் அக்கா.

மகள் அழுதுகொண்டே போய்விட்டாள். அக்கா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கேஸ் நாற்பத்தேழு. வயது ஐம்பத்தாறு. தொழில், பஸ் டிரைவர். முதல் அறிகுறி சொல்லப்பட்ட தேதி. சொன்னவர், உடன் வேலை செய்பவர். வீட்டில் சோதித்தவர், மனைவி. பயன்படுத்திய சோதனை, நோயாளி பல வருடங்களாக அறிந்தது, ஆகவே செல்லாது. செலவுகள் தனியாக: கால் அறுவை, செயற்கைக் கால், பஸ் பழுது, நஷ்ட ஈடு, வேலை இழப்பு. குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. எனக்குத்தான் கண்ணீர் எழுத்தை மறைத்தது.

படிவத்தில் கடைசிக் கேள்வி அதிகாரி போட்டுக் கொடுத்தது. முறையான சோதனை நடந்திருந்தால் இந்தச் சேதத்தைத் தவிர்த்திருக்க முடியுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.

"இல்லன்னு போட்டுடலாம்க்கா. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"இல்லன்னு போட்டா அப்புறம் இந்தப் பேப்பரே எதுக்கு? ஆம்னு போடு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் ஆம்னு சொன்னா ஆச்சா? கமிட்டில மூணு பேரும் பெரிய டாக்டருங்க. எல்லாத்தையும் படிச்சிட்டு, இல்லம்மா, நீ வேற எடத்துல சோதிச்சிருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது, விபத்து விபத்துதான்னு சொன்னாலும் சொல்லுவாங்க. நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

நான் ஆம் என்று போட்டேன். சோதித்தவர் என்ற இடத்திலும் நோயாளியின் உறவினர் என்ற இடத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மூன்று வாரமும் அக்கா வழக்கம்போல வந்தார். அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்திருந்தார். நோயாளிகளைச் சோதித்தார். வார்த்தைப் பட்டியலை மட்டும் மாற்றிவிட்டார். புதுப் பட்டியலை அந்த ஊர்க்காரர் அனுப்பியிருந்தார். தபால் வரும் நேரம் ஆனால் ஏதாவது சாக்கு வைத்து வெளியே வந்து என் மேஜையைப் பார்ப்பார். அறை நிலைக்குமா என்ற கவலை என்று நான் நினைத்தேன். எனக்கும் அதே கவலைதான்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. உறை பிரித்திருந்தது, நின்ற இடத்திலேயே படித்தேன். பதினோராம் அறை தொடர்ந்து நடக்கும். மூன்று வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. இன்னொரு சோதனையாளரையும் எடுக்கப் போகிறார்கள். டிப்போக்காரர்கள் ஐம்பது வயது தாண்டிய டிரைவர்களையெல்லாம் இனி இங்கே அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே நோயாளி இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "அக்கா, ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினேன்.

அக்கா கடிதத்தை வாங்கினார். பணம் ஒதுக்கியதை எழுதியிருந்த முதல் பக்கத்தைப் படிக்காமலே திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் விரல் வைத்துத் தேடி ஒரு இடத்தில் நிறுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். கேஸ் நாற்பத்தேழைக் கமிட்டி விரிவாக ஆராய்ந்தது. முறையான சோதனை உரிய நேரத்தில் நடந்திருந்தால் இந்த விபத்து நிச்சயமாகத் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பதை மூவரும் ஒருமனதாக ஏற்கிறோம் என்று எழுதியிருந்தது. கீழே மூன்று கையெழுத்து.

அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப நெசமாவே தடுத்திருக்கலாம்" என்றார்.